ஹேமாவுக்குப் போட்ட பந்தல்

வெயிலைத் தடுப்பதற்கு ரொம்பச் செலவு செய்ய வேண்டியதில்லை, ஐயா. உங்கள் ஸ்டேஷனுக்குப் பின்னால் இரண்டு பெண் போலீஸார் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெட்டவெளியில் உட்கார்ந்து சாப்பிடுவதை வரும்போது பார்த்தேன். அங்கே சிமெண்டுத் தரை, மேற்குப் பார்த்த சுவர். மத்தியானத்துக்கு மேல் அந்தச் சுவரே அடுப்பு மாதிரி அனல் அடிக்கும். நாலு சவுக்குக் கழி நட்டுப் பச்சை வலையை இழுத்துக் கட்டினால் போதும். வலையைச் சுவரோடு ஒட்டிக் கட்டக் கூடாது. ஒரு முழம் இடைவெளி விட்டால் சூடு மேலே போய்விடும். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள்.

கீற்று வேண்டாம். கீற்றைப் போலக் குளிர்ச்சி எதுவும் தராது, ஆனாலும் வேண்டாம்.

என்னை உங்களுக்கு அடையாளம் தெரிந்திருக்கும். முதலியார்பேட்டை சக்கரபாணி. போன வாரம் பின்பக்கத்துப் பந்தல் எரிந்து பெரிய பெண் ஹேமலதா இறந்துபோன வீடு. நீங்கள்தான் வந்து பார்த்தீர்கள். பின் தெருவில் போன சவ ஊர்வலத்தில் விட்ட ராக்கெட் வந்து விழுந்து கீற்று பற்றிக்கொண்டது, மனநிலை சரியில்லாத பெண் வெளியே வரத் தெரியாமல் உள்ளேயே இருந்துவிட்டாள் என்று எழுதிக்கொண்டு போனீர்கள். அதில் ராக்கெட் வரைக்கும் சரி.

மீதியைச் சொல்ல வந்திருக்கிறேன். நானாக வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் சின்னப் பெண் அபி நேற்றுக் காலையிலிருந்து அந்தக் கரி பிடித்த தரையில் உட்கார்ந்திருக்கிறாள். தலைக்கு மேல் ஒன்றும் இல்லை. கத்திரி வெயில் இன்னும் முடியவில்லை, உங்களுக்கே தெரியும். குடை கொண்டுபோய் முழங்கையில் இடுக்கிப் பிடித்தேன், தட்டிவிட்டாள். ஆள் வைத்துப் போர்வையை இரண்டு சுவருக்கும் கட்டினேன், எழுந்து இழுத்துப் போட்டுவிட்டு மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தாள். முகம் சிவந்து உதடு வெடித்துவிட்டது. தண்ணீர் மட்டும் குடிக்கிறாள். "போலீஸ்ல போயி நடந்தத நடந்தபடி சொல்லிட்டு வாங்க. அதுவரிக்கும் நான் எழுந்துக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். பிடிவாதம் அவள் அம்மாவிடமிருந்து வந்தது.

ஆகவே சீக்கிரம் சொல்ல வேண்டும். ஆனால் எனக்கு எதையும் முதலிலிருந்து சொல்லித்தான் பழக்கம். மில்லில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன். பாதியில் ஆரம்பித்தால் எனக்கே குழம்பிவிடும்.

ஹேமாவுக்கு அது வந்தது அவள் அம்மா செல்வாம்பாள் காலமான வருஷம். பி.காம். முடித்துவிட்டு டைப்பிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். திடீரென்று தூங்காமல் இருப்பாள், யாரோ கூப்பிடுகிறார்கள் என்பாள், எழுந்து போய்விடுவாள். யாரையும் அடித்ததில்லை, வைததில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். நல்ல பெண். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்த டாக்டர் சின்ன வயசுக்காரர், பொறுமையாகப் பேசினார். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு விஷயம் சொன்னார். பெண்ணை வெளியே கூட்டிப் போங்கள், நாலு பேரோடு பழக விடுங்கள் என்பது ஒன்று. இந்த மாத்திரை சாப்பிட்டால் தோலுக்கு வெயில் ஆகாது, சீக்கிரம் கருத்துக் கன்றிப் போகும், வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பது இன்னொன்று.

இரண்டாவது சொன்னதை நான் ஒரு நாளும் தவற விடவில்லை.

எங்கள் வீடு நீளமான வீடு. முன்னால் ஹால், அடுத்து ஓர் அறை, அதற்குப் பின்னால் சமையல்கட்டு, சமையல்கட்டைத் தாண்டினால் சிமெண்டுத் தளம். துவைக்கிற கல், குழாய், கக்கூஸ் எல்லாம் அங்கேதான். ஹேமா முதலில் அறையில்தான் இருந்தாள். ஆனால் வீட்டுக்கு யாராவது வந்தால் எழுந்து வந்து நடுவில் நிற்பாள். வந்தவர்களிடம், "இன்னிக்கி கடல் எப்பிடி இருக்கு, பாத்தீங்களா?" என்று கேட்பாள். வந்தவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். அபியோடு படிக்கிற பெண்கள் ஒருமுறை வந்துவிட்டு அப்புறம் வரவில்லை. அபிக்கு நாளைக்கு வரன் பார்க்க வேண்டும். அக்காவுக்கு இப்படி என்றால் தங்கைக்கும் வரும் என்பார்கள், ரத்தத்தில் இருக்கிறது என்பார்கள். அப்படிச் சொல்லி நின்றுபோன கல்யாணம் இரண்டு எங்கள் தெருவிலேயே உண்டு. அதனால் ஹேமாவின் கட்டிலைத் தூக்கிப் பின்பக்கம் போட்டேன். காற்றோட்டமாக இருக்கும் என்று அவளிடம் சொன்னேன். அவள் சரி என்றாள்.

அங்கே பத்து மணிக்கே வெயில் வந்துவிடும். முதலில் செல்வாம்பாளின் பழைய நூல் புடவைகளை ஒன்றோடொன்று தைத்துக் குறுக்கே கட்டினேன். செலவே இல்லை. பார்க்கவும் அழகாகத்தான் இருந்தது, தரையெல்லாம் கலர் கலராக நிழல் விழும். ஹேமா புடவையின் தொங்குகிற நுனியை முகத்தில் வைத்துக்கொண்டு, "அம்மா வாசன போவவே இல்லப்பா" என்பாள். ஆனால் புடவை வெயில் தாங்காது. ஒரு கோடையிலேயே இற்றுப்போய்க் காற்றில் கிழிந்துவிட்டது. அதை அவிழ்த்தபோது ஹேமா அழுதாள். நானும் அழுதேன், யாரும் பார்க்கவில்லை.

பிறகு பச்சை வலை கட்டினேன். நர்சரித் தோட்டங்களில் செடிக்கு மேல் கட்டுகிறார்களே, அது. பாதி வெயிலைத்தான் தடுக்கும், ஆனால் காற்று நன்றாக வரும். வலை இருந்தபோதுதான் ஹேமா காணாமல் போனாள். அப்போது பின்சுவரில் ஒரு சின்னக் கதவு உண்டு, பின் தெருவுக்குப் போவதற்கு. ஒரு மத்தியானம் அதைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் வரை தேடினோம். இருட்டுகிற நேரத்தில் ஒரு மீன்காரப் பெண்மணி அவளைக் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கே வந்தாள். ஊர் பிள்ளைச்சாவடிக் குப்பம், பேர் அஞ்சலாட்சி. ஹேமா நம் ஊரைத் தாண்டி வடக்கே அவ்வளவு தூரம் நடந்தே போயிருக்கிறாள். "படகு நெழல்ல குந்திகினு கடலயே பாத்துனு இருந்துச்சுங்க. சோறு போட்டேன், சாப்டுச்சு. வீட்டு விலாசம் கேட்டேன், கரெக்டா சொல்லுச்சு. கடல பாக்கணும்னா கூட்டினு வாங்க, நான் பாத்துக்கறேன். வூட்டுலயே போட்டு அடச்சு மட்டும் வெக்காதீங்க பெரியவரே" என்றாள். ஹேமா அவள் கையை விடவே இல்லை. அவ்வளவு சிரித்த முகமாக ஹேமாவை நான் அதற்கு முன்பும் பார்க்கவில்லை, பின்பும் பார்க்கவில்லை.

இரண்டு பஸ் மாறி வந்த பெண்மணியை, தண்ணீர் குடிக்கிறீர்களா என்றுகூட நான் கேட்கவில்லை. தெருவே வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. கதவைச் சாத்திவிட்டேன்.

மறுநாள் பின்சுவர்க் கதவை எடுத்துவிட்டுச் செங்கல் வைத்து அடைத்தேன். அதற்கு அடுத்த நாள் சங்கிலி வாங்கினேன்.

நீங்கள் நிமிர்ந்து பார்க்கிறீர்கள். சங்கிலியைப் பற்றி நான் முன்பு சொல்லவில்லைதான். மாட்டுக்குப் போடுவது கனம், நாய்க்குப் போடுவது போதும் என்று கடைக்காரர் சொன்னார். எதற்கு என்று அவருக்குத் தெரியாது. கணுக்காலில் உராயக் கூடாது என்று பழைய சைக்கிள் டியூபை வெட்டி வளையத்தைச் சுற்றி நூலால் தைத்தேன். வாரம் ஒருமுறை கழற்றித் தேங்காய் எண்ணெய் தடவிவிடுவேன், காலை மாற்றிப் போடுவேன். கக்கூஸுக்கும் குழாய்க்கும் போகிற அளவுக்கு நீளம் விட்டிருந்தேன், சமையல்கட்டு வாசற்படி வரைக்கும் எட்டும். அவளுக்குப் புண் என்று ஒன்று வந்ததே இல்லை. ஊரில் எத்தனையோ பேர் கயிற்றில் கட்டிப்போடுகிறார்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் காலைப் போய்ப் பாருங்கள்.

தெருவில், ஹேமாவைச் சென்னையில் ஒரு ஹோமில் சேர்த்துவிட்டோம் என்று சொன்னேன். எல்லோரும் நல்லது செய்தீர்கள் என்றார்கள். பக்கத்து வீட்டு அம்மா மட்டும் எப்போதாவது பலகாரம் செய்தால் சுவருக்கு மேல் கிண்ணத்தை நீட்டி, "ரெண்டு பேருக்கும்" என்பார். வாங்கிக்கொள்வேன். அதைப் பற்றி அவரும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை.

அப்புறம் அந்த நிழல் வெயிலுக்கு மட்டும் என்று இல்லாமல் போய்விட்டது. வலை என்றால் எதிர் மாடியிலிருந்து பார்த்தால் உள்ளே ஆள் தெரியும். அதனால் பிளெக்ஸ் பேனர் கட்டினேன். விசேஷம் முடிந்தால் யாரும் திரும்பிப் பார்க்காத சாமான், கேட்டால் கொடுத்துவிடுவார்கள். எனக்குக் கிடைத்தது யாரோ ஒரு பெண்ணின் மஞ்சள் நீராட்டு விழா பேனர். அவசரத்தில் படம் கீழே பார்க்கிற மாதிரி கட்டிவிட்டேன். ஹேமா படுத்துக்கொண்டு அந்தப் பெண்ணோடு பேச ஆரம்பித்தாள். காலையில் சாப்பிட்டாயா என்று கேட்பாள், எங்கே அந்த நெக்லஸ் வாங்கினாய் என்பாள். அபி அதைக் கேட்டுச் சிரிப்பாள், பிறகு சமையல்கட்டுக்குப் போய்விடுவாள். பேனர் மழைக்கு நல்லது, வெயிலுக்கு ஆகாது. உள்ளே புழுங்கும். ஆஸ்பெஸ்டாஸ் போடலாம் என்று ஒருவர் சொன்னார். அது அடியில் இருப்பவரை வேக வைத்துவிடும், எந்த எதிரிக்கும் நான் அதைச் சொல்ல மாட்டேன்.

கடைசியில்தான் கீற்றுக்கு வந்தேன். சவுக்குக் கழி நட்டு, மூங்கில் குறுக்கே கட்டி, தென்னங்கீற்றை இரண்டு அடுக்காக நெருக்கி வேய்ந்தேன். மூன்று பக்கமும் தட்டி இறக்கினேன். மழைக்காக அந்தப் பேனரையே மேலே போர்த்தினேன். மத்தியானம் டியூபால் கீற்றின் மேல் தண்ணீர் அடித்தால் போதும், ஏசி போட்ட மாதிரி இருக்கும். ஈரக் கீற்றின் வழியாக வருகிற காற்று எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். மாலையில் நானும் போய் அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். ஈர விரலால் தரையில் கோலம் போடுவாள், அது காய்ந்து மறைவதற்குள் அடுத்ததைப் போட்டுவிடுவாள். "அப்பா, கடல் இன்னிக்கி எப்பிடி?" என்று கேட்பாள். சில நாள் பீச்சுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வேன். பல நாள் போகாமலே சொல்வேன். அலை கொஞ்சம் பெரிசு என்பேன். அவளுக்கு அது போதும்.

எனக்கு அவள் மேல் உயிர், ஐயா. நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் அது உண்மை. நாலு கோடை அவள் அந்தப் பந்தலுக்கு அடியில் இருந்தாள், அவள் தோல் கருக்கவே இல்லை.

இந்த வைகாசியில் அபிக்கு வரன் வந்தது. பையன் பேர் பிரேம்குமார், வில்லியனூர் பக்கம், மருந்துக் கம்பெனியில் சூப்பர்வைசர். ஒரே பெண் என்று சொல்லியிருந்தேன். அபிக்கு அதில் மனசு இல்லை. "அக்காவ பத்தி சொல்லிட்டுத்தான்பா வரச் சொல்லணும்" என்றாள். கல்யாணம் ஆகட்டும், பிறகு பக்குவமாகச் சொல்லலாம் என்றேன். பிறகு என்றால் எப்போது என்று கேட்டாள்.

அவர்கள் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக முடிவாயிற்று. சனிக்கிழமை ராத்திரி பின் தெருவில் ஒரு பெரியவர் இறந்துவிட்டார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா, தொண்ணூறு வயசுக்கு மேல். பேரன் பேத்தி எடுத்த கல்யாணச் சாவு, பிரான்சிலிருந்து ஒரு மகன் வேறு வந்திருக்கிறான், மேளமும் வெடியும் அமர்க்களப்படும் என்று தெரியும். ஒத்தாசைக்கு வந்திருந்த என் தங்கை தில்லையம்மாள் நாளை மாற்றலாமா என்று கேட்டாள். வேறு தெருதானே, நமக்குத் தீட்டு இல்லை என்றேன். நாளை மாற்றினால் ஏன் என்று கேட்பார்கள். ஒரு கேள்வி வந்தால் அடுத்த கேள்வியும் வரும்.

அன்றைக்கு நான் கீற்றுக்குத் தண்ணீர் அடிக்கவில்லை. பழைய கீற்று நனைந்தால் ஒரு முடை நாற்றம் வரும், ஹால் வரைக்கும் வரும். வருகிறவர்கள் முகம் சுளிக்கக் கூடாது என்று நினைத்தேன். மூன்று நாளாகவே அடிக்கவில்லை, நன்றாகக் காயட்டும் என்று. யோசித்துச் செய்ததுதான், அசட்டையால் இல்லை.

காலையில் அபி ஹேமாவுக்குத் தலை பின்னி, தனக்கு வாங்கிய பூவில் பாதியை வைத்துவிட்டாள். "யாரு வராங்க அபி?" என்று ஹேமா கேட்டாள். "என்னப் பொண்ணு பாக்க வராங்கக்கா." "அப்ப கேசரி செய்வாங்க. எனக்குக் கொஞ்சம் எடுத்து வெய்யி." அபி சரி என்றாள். மத்தியானம் ஹேமாவுக்கு எப்போதும் கொடுக்கிற மாத்திரையோடு இன்னொன்றும் சேர்த்துக் கொடுத்தேன், தூங்குவாள் என்று. தூங்கினாள். சங்கிலியைக் கட்டில் காலோடு சேர்த்துச் சுருக்கிப் பூட்டினேன். அன்று மட்டும் அவள் வாசற்படிக்கு வந்துவிடக் கூடாதல்லவா.

அவர்கள் நாலு மணிக்கு மேல் வந்தார்கள். பையன், அப்பா, அம்மா, ஒரு மாமா. நல்ல மனுஷர்கள். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் பின் தெருவில் மேளம் நெருங்கியது, சரவெடி ஆரம்பித்தது. ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. எனக்குச் சங்கடமாக இருந்தது. பையனின் அப்பாதான், "வர்ற வழியிலயே பொணத்தப் பாத்துட்டுத்தாங்க வந்தோம். நல்ல சகுனம்தான், விடுங்க" என்று சிரித்தார். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அபி காபி கொடுத்துவிட்டுப் பையனின் அம்மாவுக்கு எதிரே பாயில் உட்கார்ந்தாள். அந்த அம்மா அவள் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

அப்போது கூரையின் மேல் சர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும், நான் எப்போதும் ஒரு காதைப் பின்பக்கம் வைத்திருக்கிறவன். தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லி எழுந்தேன். சமையல்கட்டில் தில்லையம்மாள் எண்ணெய்ச் சட்டியில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள், புகையோடு புகையாக அவள் கவனிக்கவில்லை. இன்னும் நாலு தட்டு முன்னால் கொண்டுபோ என்று அவளை அனுப்பிவிட்டுப் பின்கதவைத் திறந்தேன்.

மேற்கு மூலையில் கீற்று எரிந்துகொண்டிருந்தது. ஒரு மூலைதான். ஹேமா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையில் பூ கலையவில்லை. என்னைப் பார்த்ததும், "அப்பா, மேல நெருப்பு" என்றாள். பயந்து சொல்லவில்லை. எனக்குத் தெரிய வேண்டும் என்று சொன்னாள்.

சாவி என் சட்டைப் பையில் இருந்தது. கட்டில் ரொம்ப தூரம் இல்லை. எடுத்துப் பூட்டைத் திறக்க நேரம் இருந்தது, அதைப் பற்றி நான் எந்தச் சாக்கும் சொல்லப் போவதில்லை. ஆனால் திறந்து அவளை எங்கே கூட்டிப் போவது? பின்சுவரில் கதவு இல்லை, அதை நானே அடைத்துவிட்டேன். வழி ஒன்றுதான். சமையல்கட்டு, அறை, பிறகு ஹால். நடு ஹாலில், அவர்கள் நாலு பேர் முன்னால், காலில் டியூப் சுற்றிய வளையத்தோடு. கடல் எப்படி இருக்கிறது என்று பையனின் அப்பாவைக் கேட்பாள். அது என் கண் முன்னால் அப்படியே தெரிந்தது. நெருப்பு அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை.

மூலையில்தானே எரிகிறது என்று நினைத்தேன். பின் தெருவில் அத்தனை ஜனம் போகிறது, புகையைப் பார்த்தால் யாராவது தண்ணீர் ஊற்றுவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் தட்டில் இருப்பதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டால் உடனே ஓடி வந்துவிடலாம் என்று நினைத்தேன். இதையெல்லாம் அப்போது நினைத்தேனா, பிறகு நினைத்தேனா என்று அபி கேட்கிறாள். எனக்குத் தெரியவில்லை.

"இரும்மா, அப்பா வரேன்" என்று சொன்னேன். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

தண்ணீர்ச் செம்போடு ஹாலுக்குப் போய் உட்கார்ந்தேன். பையனின் அப்பா, இந்தப் பக்கம் குழாய்த் தண்ணீர் எப்படி, உப்புக் கரிக்குமா என்று கேட்டார். கோடையில் கொஞ்சம் கரிக்கும் என்று சொன்னேன். மேளம் அப்போது எங்கள் வீட்டுக்கு நேர் பின்னால் வந்துவிட்டது. அந்தச் சத்தத்துக்குள் ஹேமா கூப்பிட்டாள். அப்பா என்று கூப்பிட்டாள், அபி என்று கூப்பிட்டாள். முதலில் சாதாரணமாகக் கூப்பிட்டாள். பிறகு அப்படி இல்லை. கீற்றுக்கு மேல் இருந்த பேனர் உருகிச் சொட்டும் என்பதை நான் யோசித்திருக்கவில்லை.

பையனின் அப்பா மாமாவைப் பார்த்தார், மாமா தலையை ஆட்டினார். "எங்களுக்குப் பொண்ணப் புடிச்சிருக்குதுங்க. வூட்ல பெரியவங்களக் கலந்துகினு சொல்லி அனுப்பறோம்" என்றார். நான் கை கூப்பினேன். அப்போதுதான் புகை அறைக்குள் வந்தது, பக்கத்து வீட்டு அம்மா வாசல் கதவை இடித்து, "ஹேமா உள்ள இருக்கா, ஹேமா உள்ள இருக்கா" என்று கத்தினார். ஹோமில் இருக்கிறவளை.

அப்புறம் நடந்ததை நீங்கள் பேப்பரிலேயே படித்திருப்பீர்கள். மகளைக் காப்பாற்றப் போய்த் தந்தைக்கு இரு கைகளிலும் தீக்காயம் என்று போட்டிருந்தார்கள். உங்கள் ஏட்டுகூட என் கையில் இருக்கிற கட்டைப் பார்த்துவிட்டு எழுந்து நாற்காலி கொடுத்தார். தீயணைப்பு வண்டி வருவதற்குள் எல்லோரையும் தள்ளிக்கொண்டு நான் உள்ளே போனது உண்மைதான். அவள் அப்போது உயிரோடு இல்லை. அது எனக்குத் தெரியும். நான் பூட்டைத் திறக்கப் போனேன். இரும்பு பழுத்திருந்தது, அதனால்தான் உள்ளங்கை இப்படி ஆயிற்று. சங்கிலியைத் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் மண்ணில் தள்ளி மூடினேன். ஆள் அனுப்பினால் எடுத்துக்கொள்ளலாம். திரும்பியபோது அபி சமையல்கட்டு வாசற்படியில் நின்று என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டுப்புடவையில் இருந்தாள். ஒரு கிண்ணத்தில் கேசரி வைத்திருந்தாள், எதற்கு எடுத்தாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு வந்த மறுநாள் காலையில்தான் அபி அங்கே போய் உட்கார்ந்தாள்.

என் பெண்ணை நான் கொன்றேன், ஐயா. ராக்கெட் விட்டவனை விட்டுவிடுங்கள், அவன் வானத்தைப் பார்த்து விட்டான். எனக்குத் தெரியாமல் எங்கோ எரிந்து செத்தாள் என்று நினைக்காதீர்கள். அவள் பார்க்க நான் கதவைச் சாத்தினேன். வரேன் என்று சொன்னதால் அப்பா வருவார் என்றே இருந்திருப்பாள். அவள் என் பேச்சை நம்பாமல் இருந்ததே இல்லை. இதை எழுதுங்கள், கையெழுத்துப் போட முடியாது, கைநாட்டு வைக்கவும் விரல் கட்டுக்குள் இருக்கிறது, வேறு என்ன முறை இருக்கிறதோ அதைச் செய்யுங்கள். பிறகு யாரையாவது அனுப்பி அபியிடம் சொல்லச் சொல்லுங்கள், அப்பா சொல்லிவிட்டார், எழுந்து உள்ளே போம்மா என்று. மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது, இப்போதுதான் அங்கே வெயில் உச்சிக்கு வரும்.

அவள் கேட்பாள், எல்லாவற்றையும் சொன்னாரா என்று. இன்னும் ஒன்று இருக்கிறது. வரும்போது அவள், "நானும் கேட்டேன்னு சொல்லுங்க. அக்கா என் பேரச் சொல்லிக் கூப்ட்டா, நான் எழுந்துட்டேன், நீங்க ஒரு பார்வ பாத்தீங்க, குந்திட்டேன். அதயும் சொல்லுங்க" என்றாள். அப்படித்தான் நடந்தது. நான் பார்த்தேன், அவள் உட்கார்ந்துவிட்டாள். சின்ன வயசிலிருந்தே நான் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை, பார்த்தால் போதும்.

அதை மட்டும் எழுத வேண்டாம், ஐயா. கல்யாணம் ஆக வேண்டிய பெண். மாப்பிள்ளை வீட்டிலிருந்து வேண்டாம் என்று இன்னும் சொல்லி அனுப்பவில்லை.